குட்டிக்குப் பகல் சோறு

அன்பு மகனுக்கு,

சலாம். நலமா என்று நாலு வரி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நலம் விசாரித்துக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீ நாற்காலியை இழுத்துப் போடுவாய். எந்த ஆடு சினையாக இருக்கிறது என்று நான் கேட்பேன், நீ சொல்லுவாய், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன் அதைவிட மோசம். முட்டி வலி, சர்க்கரை, தூக்கமின்மை என்று உடம்பு தினமும் ஒரு சாக்குக் கொடுக்கிறது, நானும் அதைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். இனித் தள்ளிப்போடவும் தெம்பு இல்லை.

நேற்று மருமகள் உன் நாய்க்குட்டியின் படத்தை அனுப்பியிருந்தாள். ஆட்டுப் பட்டிக்குக் காவல் என்று ஆசைப்பட்டு நீ கொண்டுவந்த கோம்பைக் குட்டி. செவலை நிறம், கருத்த மூஞ்சி, நல்ல இனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. மூட்டு புடைத்திருக்கிறது. வயிறு மட்டும் பானை மாதிரி. உடனே அவளுக்குப் போன் போட்டேன். “தீனி மூட்டை வாங்கிக் கட்டுப்படியாகல மாமா. சோறும் பாலுந்தான் ஊத்துதோம். காலையில ஒரு நேரம், அவிய வேலையில இருந்து வந்த பொறவு ஒரு நேரம். இதக் குடுத்துருவோம்னு சொல்லுதாவ. ஞாயித்துக்கெழம செங்கோட்ட எஸ்டேட்காரர் பாக்க வாராராம்” என்றாள். நாய்க்கு ரெண்டு நேரம் போதுமாம்மா என்று கேட்டேன். “காவல் நாய்க்கு வயிறு காயணும், அப்பந்தான் கோவம் வரும்னு அவிய சொன்னாவ” என்றாள்.

அந்தச் சொல் உன்னுடையது இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது, நம் நாய் வெள்ளையனை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் நான் அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நல்ல புத்தி எத்தனையோ சொன்னேன், ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. இது மட்டும் பத்திரமாக ஏறியிருக்கிறது.

உன் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. சாரல் போய் மாதக்கணக்காகிறது. அருவியில் தண்ணீர் இல்லையென்றால் லாட்ஜுகளுக்கு என்ன வேலை இருக்கிறது? லாட்ஜ் வேலையிலிருந்து உன்னை நிறுத்தாமல் சம்பளத்தைக் குறைத்ததோடு விட்டார்களே என்று உன் உம்மா இரண்டு ரக்அத் தொழுதாள். அந்தச் சம்பளத்தில் பளபளப்பான மூட்டைத் தீனி வாங்கு என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் குட்டியை எஸ்டேட்டுக்குக் கொடுக்காதே. வளைந்த காலோடு போகிற நாயை அங்கே கேட்டில் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள், அது அப்படியே கிடந்து சாகும். இன்று காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் படத்தைக் காட்டிவிட்டு வந்தேன். எலும்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறதாம். இப்போதே தீனி திருந்தினால் கால் பெரும்பாலும் நேராகிவிடுமாம். இன்னும் இரண்டு மாதம் போனால் ஒன்றும் சொல்ல முடியாதாம். வயிறு பானையாக இருப்பது சாப்பாட்டால் இல்லை, பூச்சியாக இருக்கும், மருந்து கொடுக்க வேண்டும், தடுப்பூசியும் போட வேண்டும், உடனே தூக்கிவரச் சொல்லுங்கள் என்றார். நாளைக்கே தூக்கிக்கொண்டு வா.

வெள்ளையனைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். நான் சவூதியில் வண்டி ஓட்டியது போதும் என்று திரும்பி, பழைய குற்றாலம் போகிற வழியில் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வாங்கிவிட்ட வருஷம் அது. மலையிலிருந்து பன்றி இறங்கும். கீழேயிருந்து ஆட்டுத் திருடன் ஏறுவான். வாசுதேவநல்லூரில் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் வீட்டில் ராஜபாளையம் நாய் குட்டி போட்டிருந்தது. அவர் குட்டிக்குக் காசு வாங்க மாட்டார். தாய் நாய்க்கு ஒரு மூட்டை கேப்பை இறக்கிவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் அவர் வீட்டு வழக்கம். நாமும் இறக்கினோம். வெள்ளைத் துணி மாதிரி இருந்த குட்டியை நீ சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். உன் உம்மா வாசலிலேயே உன்னை நிறுத்தி, தலையோடு குளிக்க வைத்துத்தான் உள்ளே விட்டாள்.

புறப்படும்போது அண்ணாச்சி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “பாய், இது சோத்துக்கு வளர்ற நாயி இல்ல. எலும்புக்கும் சதைக்கும் வளர்றது. ஒரு கை அளவு வயித்துல ஒரு ஆள் ஒசரம் வளரணும்னா எத்தன தடவ நெரப்பணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. நாலு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு நேரம். கொறைக்கப்படாது.” நான் சரி சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? நாய்க்கு நாலு நேரமா, வேலை வெட்டி இல்லாதவர் சொல்கிறார் என்று நினைத்தேன். கெடுமதி கண்ணுக்குத் தோன்றாது என்பது எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது.

நீ அந்தத் தவறைச் செய்யாதே. காசு பெரிதாகத் தேவையில்லை, காலையில் கொஞ்சம் சிரத்தை போதும். கோழிக்கடையில் கழுத்தும் காலும் வாங்க ஆள் இல்லாமல் கிடக்கும். கேட்டால் கிட்டத்தட்ட சும்மாவே தருவார்கள். காலில் நகத்தை வெட்டி எறிந்துவிட்டு, குக்கரில் போட்டு, எலும்பு இரண்டு விரலுக்கு நடுவே மாவாக மசிகிற வரைக்கும் வேகவை. மசியாத எலும்பு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. வெந்த எலும்பு உடைந்தால் ஊசி, குடலைக் கிழித்துவிடும். அந்தச் சாறோடு கேப்பைக் களியோ, இருக்கிற சோறோ, ஒரு பிடி முருங்கைக் கீரையும் பூசணித் துண்டும் போட்டுப் பிசை. சோறு கூட, கறி குறைய என்று வைத்து ஏமாற்றாதே. கறியும் முட்டையும் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஈரல் வாரத்தில் இரண்டு நாள் போதும், அதிகம் வேண்டாம். முட்டை மொத்தக் கடையில் அன்றன்றைக்கு உடைகிற முட்டையைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். அதை வாங்கி வேகவைத்துக் கொடு. ஓட்டைக் கழுவிக் காயவைத்து, மிக்ஸியில் நைசாகப் பொடித்து வைத்துக்கொள், சுண்ணாம்புச் சத்துக்குச் சோற்றில் போடலாம். எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் டாக்டரிடம் கேள். அதிகமானால் அதுவும் எலும்புக்குக் கேடாம். கருவாடு போட்டால் ராத்திரி முழுக்க ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுப் போடு.

பாலை நிறுத்து. பசும்பால் அதற்குக் கழியும், கழிந்தால் தின்றதெல்லாம் வீண். மோரோ தயிரோ கொஞ்சம் கொடுக்கலாம். லாட்ஜில் மிஞ்சுகிற இட்லியைக் கொண்டுவா, குற்றமில்லை, சாம்பாரைக் கொண்டுவராதே. புரோட்டாக்கடை சால்னா, கல்யாண வீட்டு பிரியாணி எலும்பு எதுவும் வேண்டாம். வெங்காயமும் கிஸ்மிஸும் நாய்க்கு விஷம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. ஆட்டுக்கு வைத்திருக்கிற கடலைப் புண்ணாக்கில் கை வைக்காதே. பூஞ்சை பிடித்தது தெரியாமல் போட்டால் ஈரல் போய்விடும். குண்டாக்கவும் வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

தடவினால் என்று எழுதும்போதே கை நிற்கிறது. நான் வெள்ளையனை ஒரு நாள்கூடத் தடவியதில்லை. உன் உம்மா நாய்க்குத் தனி மண்சட்டி வைத்தாள், அதில் தவறில்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவு என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறது. தொடாதே, கிட்டே போகாதே என்று யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு படி மேலே போய், நாலடி தள்ளி நின்று சட்டியில் ஊற்றிவிட்டு வருவேன். தள்ளி நின்றே பார்த்ததால் விலா எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்குத் தெரியவில்லை. கை கழுவ ஒரு குடம் தண்ணீர் போதும். அந்தக் குடத்துக்குச் சோம்பல்பட்டேன்.

அப்புறம் நோன்பு வந்தது. அந்த வருஷம் சாரல் முடிகிற சமயத்தில் வந்தது. வீட்டில் பகலில் அடுப்பு எரியாது. சஹருக்கு நாம் சாப்பிட்ட மீதி அதற்கு ஒரு தடவை, சாயங்காலம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி ஒரு தடவை. விடிவதற்கு முன் ஒன்று, மக்ரிபுக்கு ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை. மூன்று மாதக் குட்டி. தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும்போது, “எங்க நாயும் நோன்பு பிடிக்குல்லா” என்று நான் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பச்சைப் பிள்ளைக்கும் நோயாளிக்கும் பிரயாணம் போகிறவனுக்கும் படைத்தவனே விட்டுக்கொடுத்திருக்கிறான். நான் ஒரு வாயில்லா ஜீவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

நீ அந்த வருஷம்தான் முப்பதும் பிடிப்பேன் என்று நின்றாய். உனக்குப் பதினொரு வயது. ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுத் தோப்புக்கு வந்தேன். பட்டிக்குப் பின்னால் நீ குத்தவைத்து உட்கார்ந்திருந்தாய். மடியில் டிபன் டப்பா, விரலெல்லாம் சோறு. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏலே, களவாண்டு திங்கியோ?” என்று கன்னத்தில் அறைந்தேன். “இல்ல வாப்பா” என்றாய். டப்பாவைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். அதோடு விட்டேனா? சாயங்காலம் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது, உன் மாமாக்கள் முன்னால், பேரீச்சம்பழத் தட்டை உன் பக்கத்திலிருந்து நகர்த்தி, “இவனுக்கு எதுக்கு? இவன் மத்தியானமே தொறந்துட்டான்” என்றேன்.

மகனே, இத்தனை வருஷமாக நான் உன்னிடம் சொல்லாதது இதுதான். நான் அதைச் சொன்னபோதே எனக்கு உண்மை தெரியும். உன் உதடு வெடித்து வெள்ளை பூத்துக் கிடந்ததைப் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பை நீ தூக்கிய விதத்தைப் பார்த்தேன். பகலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவன் அப்படிக் குடிக்க மாட்டான். அதற்கும் முன்னால், தோப்பிலேயே, வெள்ளையனின் மூஞ்சியில் சோறு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். கை ஓங்கிய பிறகு பார்த்தேன். அடித்துவிட்டோமே, பிள்ளை முன்னால் இறங்கிவரக் கூடாதே என்று, பொய் என்று தெரிந்தே அதை எல்லார் முன்னாலும் உண்மை ஆக்கினேன். ராத்திரி உன் உம்மா சொன்னாள்: “அவன் சஹருக்குப் பாதிதான் திங்கான். மீதிய டப்பாவுல போட்டுக் கொண்டுபோறான். எதுக்குன்னு கேட்டா சிரிக்கான்.” அப்போதாவது உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நீ டப்பா எடுத்துப் போகவில்லை. எனக்குப் பயந்து நிறுத்தினாய். மீதி நோன்பு முழுக்க வெள்ளையனுக்குப் பகலில் யாரும் ஒன்றும் வைக்கவில்லை. நோன்புப் பெருநாளைக்கு அது கொட்டிலிலிருந்து எழுந்து வரும்போது முன்னங்கால் வளைந்திருந்தது. அப்போது இருந்த மாட்டு டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பகல் பூரா ஒண்ணும் வைக்கலியா? நோன்பு உங்களுக்குத்தான பாய், அதுக்கு இல்லியே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் சுட்டது. அதன் பிறகு அள்ளி அள்ளிப் போட்டேன். நேரம் கடந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துப் பன்றியிடம் மாட்டி அது செத்தபோது, வெள்ளையன் வீரமாகச் சண்டை போட்டுச் செத்தான் என்று உனக்குச் சொன்னேன். ஊருக்கும் சொன்னேன். அது பயந்த நாய் இல்லை, அது மெய்தான். ஆனால் நல்ல கால் உள்ள நாய் பாயவும் செய்யும், பன்றி திரும்பினால் விலகவும் செய்யும். இதற்குப் பாய மட்டும்தான் முடிந்தது. விலகக் கால் இடம் கொடுக்கவில்லை. பன்றி கொன்றது என்பது பாதிதான், மீதி நான். நீ தோப்பில் குழி தோண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாய். அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம்தான் நாம் ஆட்டைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தோம்.

என்னை மன்னித்துவிடு. இதை எப்படி அலங்காரமாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை அடித்ததற்காக மட்டும் கேட்கவில்லை. கோபத்தில் கை ஓங்காத தகப்பன் யார்? உண்மை தெரிந்தும் உன்னைப் பொய்யனாக உட்கார வைத்தேனே, அதற்காகக் கேட்கிறேன்.

நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. நீ பிடிப்பாய், மருமகளும் பிடிப்பாள். அவள் தையல் கடைக்கும் நீ லாட்ஜுக்கும் போய்விட்டால், குட்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாகக் கிடக்கும். காலையிலும் சாயங்காலமும் ராத்திரியும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் சோற்றை என்னிடம் விடு. இந்த வருஷம் எனக்கு நோன்பு இல்லை. போன வருஷம் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பிடித்து, சர்க்கரை இறங்கிக் கடைவீதியில் விழுந்தது உனக்குத் தெரியும். இந்தத் தடவை இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் தற்கொலைக்குச் சமம் என்று சொல்லிவிட்டார். அறுபது வயதுக்கு மேல், ஊரே பிடிக்கிற நோன்பை விட்டுவிட்டு, அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. உன் உம்மா சோற்றைப் போட்டுவிட்டு, நான் வெட்கப்படக் கூடாது என்று கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள் போலிருக்கிறது.

அதனால் பதினோரு மணி பஸ்ஸில் வந்துவிடுகிறேன். குட்டிக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. அதற்கு வைத்துவிட்டு, விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டிக்குப் பின்னால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டுக்கொள்கிறேன். கையைப் பற்றிக் கவலைப்படாதே, கழுவிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்காரர் வந்தால் குட்டி கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால், எங்க வாப்பா அதுக்குச் சோறு வைக்க வருதாங்க என்று சொல்லு.

உன் வாப்பா